பழைய தையலில் தங்கிய கரு: தஞ்சாவூரில் எனக்குச் செய்த லேப்ராஸ்கோபி

மூத்தவள் சிசேரியன். இரண்டாவது உண்டாகி 6 வாரத்தில் திட்டுத்திட்டாக ரத்தம் பட்டது, வலி இல்லை. பக்கத்து ஊர் கிளினிக்கில் வயிற்றின் மேல் வைத்து ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். கரு கீழே இறங்கிவிட்டது, டி அண்ட் சி பண்ணி, அதாவது கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிடலாம் என்றார்கள். நானும் சரி என்றுதான் இருந்தேன், என் நாத்தனார்தான் "அண்ணி, ஏற்கனவே ஆபரேஷன் ஆன வயிறு, தஞ்சாவூர்ல ஒரு தடவை காட்டிருவோம்" என்று பஸ் ஏற்றினாள்.

இங்கே முதலில் உள்வழி ஸ்கேன், அதாவது பிறப்புறுப்பு வழியாக எடுப்பது. டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கர்ப்பப்பை காலி, கரு பழைய தையல் தழும்புக்குள் புதைந்திருக்கிறது, அதற்கும் மூத்திரப்பைக்கும் நடுவில் மெல்லிசாகத்தான் சதை இருக்கிறது. தழும்பு சுருங்கி ரத்தத்தை நிறுத்தாது, அதனால் அங்கே போய்ச் சுரண்டினால் கர்ப்பப்பையையே எடுக்கும்படி ஆகலாம், வளர விட்டால் வெடிக்கலாம் என்றார். துடிப்பு இருந்தது. அதைச் சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் என் வீட்டுக்காரரையும் உட்காரவைத்து, தாளில் படம் போட்டு எல்லா வழியும் சொன்னார். கரு வளர்வதை நிறுத்தும் மெத்தோட்ரெக்ஸேட் ஊசி போட்டால் கர்ப்ப ஹார்மோன் இறங்க வாரக்கணக்கில் ஆகும். லேப்ராஸ்கோபி என்றால் கருவை எடுத்துவிட்டு, மெலிந்துபோன தழும்பையும் வெட்டிப் புதிதாகத் தைத்துவிடலாம். அதையே கேட்டோம். செலவை முதலிலேயே எழுதிக் கொடுத்தார்கள், கடைசி பில்லும் அதேதான். வயிற்றில் 4 சின்னத் துளை, மூன்றாம் நாள் வீட்டில் இருந்தேன். சிசேரியனுக்குப் பிறகு எழுந்து உட்காரவே நான் பட்ட பாட்டுக்கு இது ஒன்றுமே இல்லை. ராத்திரி தோள்பட்டை வலித்தபோது மட்டும் பயந்துவிட்டேன், வயிற்றுக்குள் செலுத்தும் வாயுவால் வருவது என்று நர்ஸ் சொன்னார், அதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

வாராவாரம் அந்த ஹார்மோனை அளக்கும் பீட்டா ஹெச்சிஜி ரத்தப் பரிசோதனைக்குத் தஞ்சாவூருக்கு அலையவிடவில்லை, கும்பகோணத்திலேயே எடுத்து ரிப்போர்ட்டை போனில் அனுப்பினால் போதும் என்றார்கள். ஹார்மோன் முழுசாக இறங்கும் வரை விடாமல் கேட்டார்கள்.

சிசேரியன் ஆனவர்கள் நாள் தள்ளிப்போனால் 6, 7 வாரத்திலேயே உள்வழி ஸ்கேன் எடுத்து, கரு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று வாய்விட்டுக் கேளுங்கள். முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையோடு கொண்டுபோங்கள்.

ஒரே குறை, எனக்குக் கொடுத்த அறை பிரசவ வார்டுக்கு அடுத்தது. இரண்டு ராத்திரியும் பச்சைக் குழந்தைகள் அழுதுகொண்டே இருந்தன. கருவை இழந்தவர்களுக்கு வேறு மாடியில் ஒரு கட்டில் ஒதுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.