விண்டோஸில் ஐபோன் செயலி ஓடும் என்று சொல்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்

"எந்த ஐபோன் செயலியும் இனி உங்கள் விண்டோஸ் கணினியில்" என்று விற்கப்படும் மென்பொருள் எதையும் வாங்காதீர்கள். இலவசமாகக் கிடைத்தாலும் நிறுவாதீர்கள். நான் காசு கொடுத்து வாங்கினேன். கிடைத்தது ஐபோனின் முகப்புத் திரையைப் போல வரையப்பட்ட ஒரு படம், கூடவே உலாவியில் ஒட்டிக்கொண்ட சில வேண்டாத விருந்தாளிகள். விற்றவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. இதே சரக்கு பல பெயர்களில் சுற்றுகிறது. ஒரு பெயரைச் சொன்னால் மற்றவை யோக்கியமானவை என்று ஆகிவிடும்.

செயலிகளுக்குத் தமிழ் இடைமுகம் எழுதித் தருவது என் வேலைகளில் ஒன்று. எழுதினால் மட்டும் போதாது, திரையில் எப்படித் தெரிகிறது என்று பார்த்தாக வேண்டும். தமிழ்ச் சொல் பொத்தானுக்குள் அடங்காமல் மூன்று புள்ளிகளாக முடிந்துபோகும். வரி இடைவெளி குறைவாக இருந்தால் மேல்விலங்கின் (கி, கீ போன்றவற்றின் மேல் வளைவு) தலையும் கீழ்விலங்கின் (கு, கூ போன்றவற்றின் கீழ்ப்பகுதி) காலும் வெட்டுப்படும். ஆண்ட்ராய்டு பதிப்பைக் கணினியிலேயே எமுலேட்டரில், அதாவது கணினிக்குள் ஒரு போனைப் போலவே இயங்கும் மென்பொருளில், திறந்து பார்த்துவிடுகிறேன். ஐபோன் பதிப்புக்கும் அப்படி ஒன்று கிடைக்குமா என்று தேடியபோதுதான் இந்தக் கடை கண்ணில் பட்டது.

வாங்கும் முன்பு அவர்களுடைய உரையாடல் பெட்டியில் கேட்டேன்: வெளியாகாத சோதனைப் பதிப்புகளைத் தரும் டெஸ்ட்ஃப்ளைட் இதில் ஓடுமா? "ஆம், எல்லாச் செயலிகளும் ஓடும்" என்று பதில் வந்தது. அந்த உரையாடலைப் படம்பிடித்து வைத்தேன். தள்ளுபடி முடிய இன்னும் சில நிமிடங்களே என்று பக்கத்தின் மேலே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தை மறுபடி ஏற்றினால் அதுவும் முதலிலிருந்து ஓடத் தொடங்கும்.

நிறுவும்போது "பரிந்துரைக்கப்படும் முறை" என்ற தேர்வு முன்கூட்டியே குறியிடப்பட்டிருந்தது. அதன் உள்ளே விரித்துப் பார்த்தால் தேடுபொறியை மாற்றுவது, உலாவியில் ஒரு நீட்சியைச் சேர்ப்பது, கணினியை "வேகமாக்கும்" இன்னொரு மென்பொருளை இறக்குவது என்று மூன்று ஒப்புதல்கள். மூன்றையும் நீக்கினேன். நீட்சி மட்டும் எப்படியோ வந்து உட்கார்ந்துவிட்டது.

திறந்தால் அழகாகத்தான் இருந்தது. வட்ட முனைச் சின்னங்கள், கீழே தட்டு, மேலே நேரம், வலப்பக்கம் 100 சதவீதம் நிறைந்த பேட்டரி. என்னுடையது மேசைக் கணினி, அதில் பேட்டரியே கிடையாது. விமானப் பயன்முறையை அழுத்தினால் விமானச் சின்னம் தோன்றும், இணையம் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அமைப்புகளில் மாதிரியின் பெயரும் வரிசை எண்ணும் இருந்தன. அந்த எழுத்துகளைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை, ஏனென்றால் அந்தப் பக்கமே ஒரு படம். நாடகமேடையின் பின்திரையில் வரைந்த அரண்மனைக்கு வாசல் இருப்பது போலத்தான் எல்லாமே இருந்தன.

சந்தேகம் தீர, நிறுவிய கோப்புறையைத் திறந்து பார்த்தேன். ஓர் உலாவி எஞ்சின், வலைப்பக்கக் கோப்புகள், ஏராளமான படக் கோப்புகள். ஓர் இயங்குதளத்தின் சுவடே இல்லை. எல்லாச் செயலிகளையும் ஓட்டும் உண்மையான எமுலேட்டர் என்றால் முழு இயங்குதளமும் உள்ளே இருக்க வேண்டும். டிஸ்கில் பல ஜிபி பிடிக்கும், நினைவகத்தைத் தாராளமாகத் தின்னும், பெரும்பாலும் கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் மெய்நிகராக்கத்தை (ஒரு கணினிக்குள் இன்னொன்றை ஓட்டும் வசதி) இயக்கச் சொல்லும். டாஸ்க் மேனேஜரில் இது எடுத்துக்கொண்ட நினைவகமோ ஒன்றிரண்டு உலாவித் தாவல்கள் அளவுதான்.

இதுவரை நடந்தது காசு நஷ்டம். அடுத்தது அதைவிட மோசம். அதன் "ஸ்டோர்" சின்னத்தை அழுத்தியதும் ஆப்பிள் கணக்கின் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கேட்டது. ஆப்பிளின் பக்கம் போலவே அச்சு அசலாக இருந்தது. எனக்கு ஆப்பிள் கணக்கே கிடையாது. எனவே இல்லாத ஒரு முகவரியையும் வாயில் வந்த கடவுச்சொல்லையும் இட்டேன். ஏற்றுக்கொண்டது! அடுத்து ஆறு இலக்க சரிபார்ப்பு எண் கேட்டது. 123456 என்று அடித்தேன். அதையும் ஏற்றுக்கொண்டு வரவேற்றது. ஆப்பிளிடம் சரிபார்க்கும் இடமாக இருந்தால் முதல் படியிலேயே நின்றிருக்க வேண்டும். சரிபார்க்காத ஒன்று எதற்காகக் கேட்கிறது? வாங்கிய விவரத்தை எங்கே அனுப்புகிறது என்பதை அந்த விற்பனையாளர்தான் சொல்ல வேண்டும், சொல்லவில்லை.

ஐபோன் வைத்திருப்பவர் தன் உண்மையான விவரத்தை இங்கே இட்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கடவுச்சொல்லும் அந்த ஆறு இலக்கமும் ஒருசேரக் கையில் இருந்தால் கணக்கினுள் நுழைந்துவிடலாம். ஐகிளவுட் படங்களில் கைவைக்கலாம். தொலைந்த போனைப் பூட்டும் வசதியைக் கொண்டு உரிமையாளரையே வெளியே பூட்டவும் வழி உண்டு. 2014 மே மாதம் ஆஸ்திரேலியாவில் பலருடைய ஐபோன்கள் இப்படித்தான் தொலைவிலிருந்து பூட்டப்பட்டன. திறக்கப் பணம் கேட்டுத் திரையில் செய்தி வந்தது.

அந்த "ஸ்டோருக்குள்" டெஸ்ட்ஃப்ளைட் இல்லை, பிரபலமான செயலி ஒன்றும் இல்லை. உலாவியில் விளையாடும் பழைய சிறு விளையாட்டுகளும் சில வலைத்தளங்களுக்கான இணைப்புகளும் மட்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு வந்த பதில் இன்னும் எரிச்சலூட்டியது. விதிமுறையின் அடியில் "ஐபோனின் தோற்ற அனுபவத்தை அளிக்கும் மென்பொருள்" என்று எழுதியிருக்கிறதாம். உரிம எண்ணைப் பயன்படுத்திவிட்டதால் பணம் திரும்பாதாம். உரையாடல் படத்தை அனுப்பினேன். அதற்கப்புறம் பதிலே இல்லை. அட்டை வழங்கிய வங்கியில் முறையிட்டேன். "எல்லாச் செயலிகளும் ஓடும்" என்ற வரி கையில் இருந்ததால் பணம் திரும்பியது. ஆண்டுதோறும் தானாகப் புதுப்பிக்கும் சந்தா என்பதும் அந்த முறையீட்டின்போதுதான் தெரிந்தது. விற்பனைப் பக்கத்தில் அதைப் பொடி எழுத்தில்கூடப் போடவில்லை.

இது ஏன் ஏமாற்றாகத்தான் இருக்க முடியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அடுத்த விளம்பரம் இன்னும் நம்பும்படி வரும். ஆண்ட்ராய்டின் அடிப்படை மூலநிரல் பொதுவெளியில் இருக்கிறது. யாரும் எடுத்துக் கணினிக்கு ஏற்றபடி கட்டலாம். எனவேதான் ஆண்ட்ராய்டு எமுலேட்டர்கள் இத்தனை. ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் அப்படியல்ல. ஆப்பிள் அதைத் தன் சாதனங்களுக்கு மட்டுமே உரிமம் தருகிறது. ஆப் ஸ்டோர் செயலிகள் போன்களில் உள்ள ஆர்ம் வகைச் சில்லுக்காகத் தொகுக்கப்பட்டவை மட்டுமல்ல, மறையாக்கம் செய்யப்பட்டவையும்கூட. ஆர்மிலிருந்து கணினிகளின் இன்டெல் வகைச் சில்லுக்கு மொழிபெயர்க்க வழி உண்டு, ஆண்ட்ராய்டு எமுலேட்டர்கள் பல அதைச் செய்கின்றன. ஆனால் மூடிய இயங்குதளமும் மறைத்த செயலியும் சேர்ந்தால் உங்கள் மேசையில் ஒருவர் கொண்டுவந்து வைத்துவிட முடியாது. கோரெல்லியம் என்ற நிறுவனம் ஐஓஎஸ்ஸை உண்மையாகவே மெய்நிகர் கருவியில் இயக்கிக் காட்டியது, பாதுகாப்பு ஆய்வாளர்களுக்காக. ஆப்பிள் 2019இல் அதன்மீது வழக்குத் தொடுத்தது. அது பின்னர் சமரசத்தில் முடிந்தது. 2023இல் வெளிவந்த டச்எச்எல்இ என்ற இலவச மென்பொருளும் பொய்யல்ல, ஆனால் அது ஐபோனின் ஆரம்பகால விளையாட்டுகள் சிலவற்றுக்கு மட்டும். உண்மையாகச் செய்பவர்களின் எல்லை இவ்வளவு குறுகலாக இருக்கும்போது "எல்லாம் ஓடும்" என்பவன் எங்கிருந்து வந்தான்?

மேக் இருப்பவர்களுக்கு வழி உண்டு. செயலி உருவாக்க ஆப்பிள் தரும் எக்ஸ்கோடு மென்பொருளுடன் வரும் சிமுலேட்டர் இருக்கிறது. அதிலும் ஆப் ஸ்டோரிலிருந்து இறக்க முடியாது, மூலநிரல் கையில் உள்ளவர்தான் தம் செயலியை ஓட்டலாம். 2020இல் வந்த எம்1 முதல் ஆப்பிள் சில்லு கொண்ட மேக்குகளில், உருவாக்குநர் தடுக்காத ஐபோன் செயலிகள் நேரடியாகவே ஓடுகின்றன. விண்டோஸ்காரர்கள் உண்மையான ஐபோன்களைத் தொலைவிலிருந்து வாடகைக்குத் தரும் சோதனைச் சேவைகளைத்தான் நாட வேண்டும். என் வேலையும் கடைசியில் அப்படித்தான் முடிந்தது. மூன்று பொத்தான்களில் எழுத்து வெட்டுப்பட்டிருந்தது.

செயலியின் ஆண்ட்ராய்டு பதிப்பே போதும் என்றால், செயலி உருவாக்கும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுடன் கூகுள் தரும் எமுலேட்டர் இலவசம். விண்டோஸ் 11க்காக மைக்ரோசாப்ட் 2021இல் அறிவித்த, ஆண்ட்ராய்டு செயலிகளை ஓட்டும் துணை அமைப்பின் ஆதரவு 2025 மார்ச் 5இல் முடிந்துவிட்டது. "அதை மீட்டுத் தருகிறோம்" என்று யாராவது நிறுவியை நீட்டினால் தள்ளியே நில்லுங்கள். பெயர்பெற்ற எமுலேட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்: நாக்ஸ்பிளேயரின் புதுப்பிப்பு வழியாகவே தீநிரல் அனுப்பப்பட்டதைக் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான ஈசெட் 2021 பிப்ரவரியில் வெளியிட்டது. குறிவைக்கப்பட்டவர்கள் சிலரே, அவர்களில் இலங்கையில் இருந்தவரும் உண்டு.

ஏற்கெனவே இத்தகைய ஒன்றை நிறுவியவர்கள் அகற்றுவதோடு நிறுத்தாதீர்கள். உலாவியின் நீட்சிப் பட்டியலையும் தேடுபொறி அமைப்பையும் பாருங்கள். தானாக இயங்க வேண்டிய பணிகளைப் பட்டியலிடும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் அறிமுகமில்லாத பணி இருக்கிறதா என்று தேடுங்கள், எனக்கு அங்கே ஒன்று மிச்சமிருந்தது. ஆப்பிள் கணக்கின் விவரத்தை இட்டிருந்தால் வேறொரு சாதனத்திலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, கணக்கின் சாதனப் பட்டியலில் உங்களுடையது அல்லாததை உடனே நீக்குங்கள். அதே கடவுச்சொல்லை மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தால் அதை முதலில் மாற்றுங்கள்.