ஆஸ்ப்ரே எக்சோஸ் 58: 13 கிலோ வரைக்கும் நல்ல பை

ஆஸ்ப்ரே நிறுவனத்தின் இந்த ட்ரெக்கிங் முதுகுப்பைக்கு 58 லிட்டர் கொள்ளளவு, வெறும் பையின் எடை சுமார் 1.3 கிலோ. இதே அளவில் வழக்கமான ட்ரெக்கிங் பைகள் காலியாகவே 2 கிலோவைத் தாண்டும். கூடாரம், தூக்கப்பை, மூன்று நாள் சாப்பாடு, தண்ணீர் எல்லாம் சேர்ந்து 12, 13 கிலோவுக்குள் அடங்கினால் தாராளமாக வாங்கலாம். 16 கிலோவை ஏற்றினால் மெல்லிய இடுப்புப் பட்டை தாங்காமல் சரியும், பாரம் முழுக்கத் தோளில் இறங்கும். பை எடையில் மிச்சம் பிடித்ததால் அப்போது ஒரு பிரயோஜனமும் இல்லை.

முதுகில் படுவது இழுத்துக் கட்டிய வலை. இடையில் காற்றோடுவதால் சட்டை அவ்வளவாக வியர்த்து ஒட்டாது. ஆனால் இதற்காக ஃப்ரேமை வளைத்திருப்பதால் பாரம் முதுகைவிட்டுத் தள்ளி நிற்கும், ஏற்றத்தில் பின்னால் இழுக்கும். தூக்கப்பையை அடியில் போட்டு, தண்ணீர், அரிசி, அடுப்பு போன்ற கனமானவற்றை நடு உயரத்தில் முதுகுப் பக்கம் ஒட்டி வைத்தால் இது பாதி சரியாகிவிடும்.

எடையைக் குறைக்கிறோம் என்று 2018 மாடலில் இடுப்புப் பட்டையின் பாக்கெட்டுகளையே தூக்கிவிட்டார்கள். 2022 மாடலில் அவை திரும்ப வந்தன. முதுகு நீளத்தை ஏற்றி இறக்கும் வசதியும் சேர்ந்தது. தள்ளுபடியில் பழைய ஸ்டாக் வந்தால் கவனம்.

அளவு எடுக்க ஆளின் உயரம் உதவாது, முதுகு நீளம்தான் கணக்கு. தலை குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேர் வரை முதுகில் டேப் பிடியுங்கள். கடையில் காலிப் பையை மாட்டிப் பார்த்தால் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும்; 10 கிலோ போட்டுத் தரச் சொல்லுங்கள். எல்லா வார்களையும் தளர்த்திவிட்டு, முதலில் இடுப்புப் பட்டையை எலும்பின் மேல் உட்காரவைத்து இறுக்குங்கள். அடுத்தது தோள் வார். தோளுக்கு மேலுள்ள சின்ன வார் கடைசி. அது பையை நோக்கி 45 டிகிரி மேலேற வேண்டும். படுகிடையாகப் போனால் பையின் முதுகு நீளம் உங்களுக்குப் போதவில்லை என்று அர்த்தம். வாரை இழுத்து அதைச் சரிசெய்ய முடியாது.

மழை உறையை மட்டும் நம்ப வேண்டாம். முதுகுப் பக்கம் திறந்தே இருப்பதால் அவ்வழியே வழியும் தண்ணீர் உள்ளே போகும். பைக்குள் பெரிய ட்ரை பேக் (தண்ணீர் புகாத உறைப்பை) ஒன்றை விரித்து, துணியையும் தூக்கப்பையையும் அதற்குள் போட்டு வாயைச் சுருட்டி மூடுங்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று: வெளியே உள்ள வலைப் பாக்கெட்டுகள் உண்ணிச்செடிப் புதரில் உரசினால் நூல் இழுபட்டுக் கிழியும். புதர் வழியில் அவற்றைப் புடைக்க நிரப்பாதீர்கள்.