சிக்கிய கர்ப்பப்பை: கடைசி மாதங்களில் நிமிர்த்துவதா, காத்திருப்பதா?

பின்பக்கம் சாய்ந்த கர்ப்பப்பை ஒரு நோயல்ல. நூற்றில் பதினைந்து பெண்களுக்காவது அப்படித்தான் இருக்கிறது. கர்ப்பமானால் 12 முதல் 14 வாரத்துக்குள் அது தானாகவே இடுப்புக்கூட்டை விட்டு மேலே எழுந்துவிடும். ஏறத்தாழ 3000 கர்ப்பங்களில் ஒன்றில் மட்டும் எழ முடியாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பழைய ஒட்டுதல்களோ பின்சுவரில் உள்ள நார்க்கட்டியோ காரணமாக இருக்கலாம்.

சிக்கிய கர்ப்பப்பை சிறுநீர் வழியை அழுத்தி அடைக்கும். நான்காம் மாதத்திலேயே தெரிந்துவிட்டால் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் போட்டுச் சிறுநீரை வடிப்பார்கள், அப்புறம் கையால் மெதுவாக மேலே தள்ளிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். 20 வாரம் தாண்டிய பிறகுதான் சிக்கல்.

அப்போதும் நிமிர்த்துவதில் ஒரு பெரிய ஆதாயம் உண்டு: சுகப்பிரசவத்துக்கு வழி திறக்கும். ஆனால் வாரம் ஏற ஏற வெற்றி வாய்ப்பு குறையும். தள்ளும்போது நஞ்சுக்கொடி பிரியலாம், குறைமாதத்திலேயே வலி வந்துவிடலாம்.

காத்திருந்தால் குழந்தைக்கு வளர நாள் கிடைக்கும். ஆனால் சிறுநீர் அடைப்பைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். சொட்டுச் சொட்டாகக் கசிவதை 'நிறைமாதத்தில் இதெல்லாம் சகஜம்' என்று விட்டுவிடக் கூடாது. நிரம்பி வழியும் சிறுநீர்ப்பையும் அப்படித்தான் கசியும். கர்ப்பப்பை நிமிராதவரை பிரசவம் சிசேரியன்தான். அதுவும் வழக்கமான சிசேரியன் அல்ல. கர்ப்பப்பை வாய் இடுப்பின் முன்னெலும்புக்கு மேலே இழுபட்டிருக்கும், சிறுநீர்ப்பையும் கூடவே நீண்டிருக்கும். வழக்கமான இடத்தில் கத்தி வைத்தால் சிறுநீர்ப்பையோ கர்ப்பப்பை வாயோ வெட்டுப்படலாம். அதனால் வயிற்றை நெடுக்காகத் திறந்து, முடிந்தால் கர்ப்பப்பையை முதலில் நேராக்கிவிட்டுப் பிறகே அதைக் கீறுவார்கள்.

கடைசி மூன்று மாதங்களில் நான் காத்திருப்பதன் பக்கம்தான், ஆனால் எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு. சாதாரண ஸ்கேனில் கர்ப்பப்பையின் மேல்பகுதி கீழே கிடப்பதால், அங்கே ஒட்டிய நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருப்பது போலத் தோன்றி ஏமாற்றும். எது எங்கே இருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. தெளிவாகக் காட்டும். அடைப்பு சிறுநீரகத்தைப் பாதிக்கத் தொடங்கினால் காத்திருப்பதில் அர்த்தமில்லை. குறித்த தேதிக்கு முன்பே வலி எடுத்தால் உடனே மருத்துவமனைக்குப் போய், கர்ப்பப்பை சிக்கியிருப்பதை அங்கே பார்க்கும் முதல் ஆளிடமே சொல்லிவிட வேண்டும்.