மடிநோய் பார்க்கிற சிஎம்டி கிட்: மாடு வச்சிருக்கறவங்க வாங்கி வைங்க

பினாங்கு பட்டர்வொர்த் பக்கம் கால்நடை சாமான் விக்கிற கடையில இத வாங்கினேன். கலிபோர்னியா மஸ்டைட்டிஸ் டெஸ்ட்னு சொல்லுவாங்களே அதுதான், நாலு குழி வச்ச பிளாஸ்டிக் தட்டு ஒண்ணு, ஊதா கலர் மருந்து ஒரு பாட்டில், அவ்வளவுதான். 1957ல வந்த டெஸ்ட், ஆனா கொட்டாய்லயே நின்னு பார்க்கறதுக்கு இன்னைக்கும் இதவிட சுலபமானது எனக்குத் தெரிஞ்சு இல்ல.

நம்ம பக்கம் நிறைய பேர் மடி வீங்கி, கல்லு மாதிரி ஆகி, பால் திரிதிரியா வந்தாதான் மடிநோய்ங்கறாங்க. அதுக்கு முன்னாடியே உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கும், பால் மட்டும் கொஞ்சங்கொஞ்சமா குறையும், கறக்கற கை வழியா அடுத்த மாட்டுக்கும் போயிடும். அந்த மறைஞ்சிருக்கற நோயத்தான் இது காட்டிக்கொடுக்குது.

முதல் ரெண்டு மூணு பீச்சு வெளிய விட்டுட்டு ஒரு காம்புக்கு ஒரு குழின்னு கறந்து, தட்ட சாய்ச்சு கூடுதலா இருக்கறத ஊத்திட்டு, பால் அளவுக்கே மருந்து விட்டு சுத்தி ஆட்டணும், பத்து செகண்டுலயே தெரிஞ்சிடும். எங்க கருப்பி நல்லாத்தான் தின்னுச்சு, மடியும் மெத்துன்னு இருந்துச்சு, பாலும் பளிச்சுன்னு வெள்ளை. மூணு குழி தண்ணியாவே ஓடுச்சு, பின்னங்காம்பு ஒண்ணுல மட்டும் மூக்குச்சளி கணக்கா கெட்டியாகி நடுவுல குவிஞ்சு நின்னுச்சு, சாய்ச்சா மொத்தமா வழுக்கிக்கிட்டு வருது! நோய எதிர்க்க வர்ற வெள்ளை அணுங்கள மருந்து உடைக்குது, அதுக்குள்ள இருக்கற டிஎன்ஏதான் அப்படி ஜெல்லியாகுது.

குறையும் இருக்கு. என்ன கிருமின்னு இது சொல்லாது, அதுக்கு பால லேப்ல கொடுத்துதான் பார்க்கணும், ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ்ங்கற கிருமியா இருந்தா காம்புக்குள்ள ஆன்டிபயாட்டிக் டியூப் போட்டாலும் லேசுல போகாது, அந்த மாட்ட கடைசியாதான் கறக்கணும். கன்னு போட்ட முதல் சில நாள் சீம்பால்லயும் கெட்டியா காட்டும், அத நம்பாதீங்க. பாட்டில்ல எழுத்து பொடிப்பொடியா இருக்கு, வயசானவங்க படிக்க முடியாது.

கெட்டியானத பார்த்ததும் நீங்களே ஆன்டிபயாட்டிக் டியூப் ஏத்திடாதீங்க தயவுசெஞ்சு, வெட்னரி டாக்டர கேளுங்க. டியூப் போட்டா, பால் விக்கக் கூடாதுன்னு அதோட அட்டையில போட்டிருக்கற நாள் முடியற வரைக்கும் எந்தக் காம்புப் பாலும் விக்கக் கூடாது, நல்ல காம்பு கெட்ட காம்புன்னு பிரிக்கவே கூடாது. மருந்து கலந்த அந்தப் பால்ல தயிர்கூட ஒழுங்கா உறையாது. தைப்பூசத்துக்கு பால் கேட்டு ஆள் வரிசையா வருவாங்க, அப்பவும் இல்லன்னு சொல்லத்தான் வேணும், தண்ணிமலை முருகன் கோயிலுக்கு தூக்கிட்டுப் போற பால் இல்லையா.

கறந்து முடிச்சதும் காம்ப அயோடின்ல முக்கி, உடனே படுக்காம தீனி போட்டு ஒரு அரை மணி நேரம் நிக்க வைங்க, காம்பு வாய் மூடற வரைக்கும்.

அஞ்சுக்கு நாலரை மார்க். மருந்து தீந்துட்டா பாட்டில் மட்டும் தனியா தர்றாங்க, தட்டு கழுவிக் கழுவி வச்சுக்கலாம்.