பஞ்சுவின் சிக்கும் 340 ரூபாய் சீப்பும்

இந்தச் சீப்புக்குக் கைப்பிடி கிடையாது. ஒரு சாண் நீளம், முழுக்க எவர்சில்வர். ஒரு பாதியில் பற்கள் அகல அகலமாக இருக்கும், மறுபாதியில் நெருக்கமாக. பெரம்பூரில் மீன் தொட்டிகளும் நாய்ச் சங்கிலிகளும் விற்கிற ஒரு சின்னக் கடையில் 340 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கி ஆறு மாதம் ஆகிறது. நீள முடிப் பூனை வைத்திருப்பவர்கள் வேறு எதை வாங்குவதற்கு முன்பும் இந்த மாதிரிச் சீப்பு ஒன்றை வாங்கிவிடுங்கள்.

எங்கள் பஞ்சு பெர்ஷியன், பெண், ஐந்து வயது. பெர்ஷியனுக்கு மேல்முடிக்குக் கீழே இருக்கிற உள்முடியும் நீளம், பஞ்சு மாதிரி மிருது. அது உதிரும்போது தரையில் விழாமல் மேல்முடிக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. கை கால் உரசுகிற இடத்தில் அது திரண்டு சிக்காகிறது. காதுக்குப் பின்னால், முன்னங்கால் அக்குளில், வயிற்றில், பின்தொடை இடுக்கில் என்று அதற்கென்று இடங்கள் உண்டு. முதுகில் அநேகமாக வராது. நாமோ முதுகைத்தான் தடவிக் கொடுக்கிறோம்!

முதல் இரண்டு வருடம் என்னிடம் இருந்தது ஸ்லிக்கர் பிரஷ். சதுரப் பட்டையில் மெல்லிய கம்பிகள் வளைந்து நிற்குமே, அது. தினமும் வாருவேன். கம்பியில் முடி கொத்தாக வரும், மேலே பார்த்தால் பஞ்சு மினுமினு என்று இருப்பாள். ஒருநாள் தூக்கும்போது அக்குளில் கை பட்டது. உள்ளே தோலை ஒட்டி நெல்லிக்காய் அளவுக்குக் கெட்டியாக ஏதோ இருந்தது. கட்டி என்று நினைத்துப் பதறிவிட்டேன். சிக்குதான். அந்த பிரஷ் மேல் அடுக்கை மட்டும் நீவிவிட்டு அடியைத் தொடாமலே விட்டிருக்கிறது. பிரஷ் மோசம் என்று சொல்லவில்லை, சிக்கில்லாத முடியை விரித்துவிட நன்றாகவே இருக்கும். அதை மட்டும் நம்பி இருந்தது என் தவறு.

அப்புறம் செய்தது அதைவிடப் பெரிய தவறு. குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் ஓர் இடத்தில் கொண்டுபோய் விட்டேன். 1,500 ரூபாய். சிக்கை எடுக்காமலே குளிப்பாட்டி, சூடாகக் காற்றடித்து உலர்த்தி அனுப்பினார்கள். தண்ணீர் பட்ட சிக்கு காயும்போது இறுகும். வயிற்றில் தனித்தனியாக இருந்த நாலு சிக்கும் சேர்ந்து கம்பளித் துண்டு மாதிரி ஒரே பலகையாகிவிட்டது. அவள் உட்காரும்போதே தோல் இழுபட்டிருக்க வேண்டும், இரண்டு நாள் மடியில் ஏறவே இல்லை.

நான் கத்தரிக்கோலை எடுத்தேன். நல்லவேளை, வெட்டுவதற்கு முன்னால் டாக்டருக்கு போன் செய்தேன். "தொடாதீங்க, கொண்டு வாங்க" என்றார். போனதும் அந்தச் சிக்கை லேசாகத் தூக்கிக் காட்டினார். தோலும் அதோடு கூடாரம் மாதிரி எழும்பி வந்தது. பூனையின் தோல் அவ்வளவு மெல்லியது. முடி எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் கத்தரிக்கோலால் கிழித்துவிட்டுத் தையலுக்கு ஓடி வருகிறவர்கள் நிறைய என்றார். லேசாக மயக்க ஊசி போட்டு மெஷினால் வழித்தார். அடியில் தோல் சிவந்து, ஓரிடத்தில் ஈரம் கோத்துப் புண்ணாகத் தொடங்கியிருந்தது. பல்லையும் இடுப்பு மூட்டையும் பார்த்தார், எடை போட்டார். 5.8 கிலோ. குண்டானாலும், பல்லோ மூட்டோ வலித்தாலும் பூனை தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்வதைக் குறைத்துவிடுமாம். திடீரென்று சிக்கு அதிகமானால் சீப்பை மட்டும் தேடாதீர்கள், ஒருமுறை டாக்டரிடமும் காட்டுங்கள்.

அவர் சொல்லித்தான் இந்தச் சீப்பு. வாங்கியதும் காதுக்குப் பின்னால் இருந்த சின்னச் சிக்கில் வைத்து இழுத்தேன். பஞ்சு கத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். "ஏண்டி, உனக்கு நான் இப்படியா தலை வாரினேன்? அடியைப் பிடிச்சுக்கிட்டு நுனியிலேருந்து வா." பாட்டியின் சிக்குக்கோலை இன்னும் பீரோவில் வைத்திருப்பவர் அம்மா. இடுப்புக்குக் கீழே தொங்கும் தலைமுடியில் சிக்கெடுத்த கை அது.

அதன்படி இப்போது செய்வது இதுதான். இடது கை விரல்களால் சிக்குக்கும் தோலுக்கும் நடுவே முடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். இழுப்பு என் விரலோடு நின்றுவிடும், தோலுக்குப் போகாது. ஒரு சிட்டிகை கார்ன்ஃப்ளோரைத் தூவித் தேய்த்து, விரலால் சிக்கை இரண்டு மூன்றாகப் பிரித்துப் பார்ப்பேன். பாதி அங்கேயே விட்டுக்கொடுத்துவிடும். பிறகு அகலப் பல்லின் கடைசி இரண்டு பற்களை மட்டும் சிக்கின் வெளி நுனியில் விட்டு, வெளிப்பக்கமாகவே சின்னச் சின்னதாகக் கோதுவேன். நாலு முடி வரும், அப்புறம் ஆறு. நடுவே ஒரு இடத்தில் 'பொசுக்' என்று தளர்வது கையில் தெரியும். அதற்குப் பிறகுதான் நெருக்கப் பல். சீப்பு அடிவரை தடங்காமல் ஓடினால் அந்த இடம் முடிந்தது. பிரஷ் கம்பி சிக்கின்மேல் வளைந்து போய்விடும், இந்தப் பல் வளையாமல் நின்று காட்டிக்கொடுக்கும். இதற்காகத்தான் இதை இவ்வளவு சொல்கிறேன்.

ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், ஒன்றிரண்டு சிக்கு, போதும். வால் அடிக்கத் தொடங்கினால், காது பின்னால் மடிந்தால், விட்டுவிடுகிறேன். மீதி நாளைக்கு.

வளைந்த பிளேடுகள் வைத்த சிக்கறுக்கும் கருவியும் 450 ரூபாய்க்கு வாங்கினேன். பின்தொடையில் முடி அடர்ந்த இடத்தில் வேகமாக வேலை செய்கிறது. அக்குளிலும் வயிற்றிலும் கொண்டுபோக மாட்டேன், அங்கே தோல் மடிப்பு மடிப்பாக இருக்கிறது. இப்போது மாதம் ஒரு முறைகூட அது தேவைப்படுவதில்லை. நமக்குப் போடுகிற ஹேர் சீரம், வாசனை எண்ணெய் எதையும் பூனைக்குப் போடாதீர்கள். உடம்பில் பட்டதையெல்லாம் அது நக்கி விழுங்கும். டீ ட்ரீ எண்ணெய் பூனைக்கு விஷம்.

சீப்பில் குறை இல்லாமல் இல்லை. கைப்பிடி இல்லாததால் மாவு பட்ட கையில் வழுக்குகிறது. நான் நடுப்பட்டையில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி வைத்திருக்கிறேன். வாங்கும்போது பல் நுனியை மணிக்கட்டின் உள்பக்கத்தில் இழுத்துப் பாருங்கள். அதே கடையில் 120 ரூபாய்ச் சீப்பும் இருந்தது, நுனி கீறியது. நுனி உருண்டையாக இருப்பதை மட்டும் எடுங்கள்.

வழித்த வயிற்றில் ஐந்து மாதத்தில் முடி முழுதாக வளர்ந்துவிட்டது. எடை 5.2 கிலோ. இரவு செய்தி முடிந்ததும் அம்மா சோபாவில் சாய்ந்து சீப்பை எடுத்தால் பஞ்சு தானாகவே வந்து மல்லாந்து படுக்கிறாள். இடது அக்குளில் சுண்டைக்காய் அளவுக்கு ஒன்று இருக்கிறது. நேற்றுப் பாதி வந்தது.