கேசான் ஒருமுறைதான் வாய் திறக்கும்

போன வாரம் என் லினக்ஸ் டிரைவரில் (சாதனத்தை இயக்கும் நிரலில்) இருந்த மெமரி பிழை ஒன்றைச் சரிசெய்து முடித்தேன். திருத்தம் ஒரே வரி. கேள்விப்பட்ட நண்பர், "நானும் கெர்னலில் கேசானைப் போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்டார். கேசான் (KASAN) என்பது லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் இருந்துகொண்டு, மெமரியைத் தவறாகத் தொடும் நிரலைப் பிடித்துக் கொடுக்கும் கருவி. நான்கு ஆண்டுகளாக அதை வைத்துக் குடித்தனம் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

வேகம் குறையும், மெமரியில் எட்டில் ஒரு பங்கை நிழல் மெமரியாக (எந்த பைட்டைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற குறிப்பேடாக) எடுத்துக்கொள்ளும் என்பதெல்லாம் 2015-இல் லினக்ஸ் 4.0-உடன் வந்த நாளிலிருந்து தெரிந்த கதை. அதில் எனக்குப் புகார் இல்லை.

என் புகார், முதல் பிழையை அறிவித்ததும் அடுத்த பூட் வரை அது மௌன விரதம் இருப்பது. என் கணினி பூட் ஆகும்போதே வேறொரு டிரைவர் தன் அட்டவணைக்கு வெளியே ஒரு பைட்டைப் படித்துத் தொலைத்தது. அந்த அற்பப் பிழைக்கே கேசான் தன் ஒரே வாய்ப்பையும் செலவழித்துவிட்டது. அரை மணி நேரம் கழித்துக் கெர்னல் ஃபைல் சிஸ்டத்துக்குள் போய் க்ராஷ் ஆகி விழுந்தபோது ஒரு வார்த்தை இல்லை. கேசானே பேசவில்லையே, விடுவித்த மெமரியைத் தொடும் பிழையாக இருக்காது என்று நம்பி மூன்று நாள் லாக்குகளைக் குடைந்தேன்.

பிறகுதான் பூட் வரியில், எல்லாப் பிழைகளையும் அறிவிக்கச் சொல்லும் 'கேசான்_மல்டி_ஷாட்' சேர்த்தேன். அடுத்த ஓட்டத்தில் வந்த அறிக்கையைப் பார்த்ததும் கோபமெல்லாம் இறங்கிவிட்டது. தொட்டது யார், ஒதுக்கியது யார், விடுவித்தது யார் என்று மூன்று 'கால் ஸ்டாக்'குகள் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்கள்). கீழே நிழல் மெமரியில், விடுவித்த மெமரி என்பதைக் குறிக்கும் 'எஃப்பி எஃப்பி எஃப்பி' என்று வரிசை; அதில் குற்றம் நடந்த பைட்டுக்கு நேர் கீழே ஒரு சின்ன அம்புக்குறி. சாதனத்தைக் கழற்றும்போது நான் டைமரை நீக்கும் டெல்_டைமரை அழைத்துவிட்டு உடனே நினைவகத்தை விடுவித்திருந்தேன். அந்த நொடியில் இன்னொரு சிபியுவில் ஓடிக்கொண்டிருந்த டைமர், தன்னைத் தானே மறுபடி முடுக்கிக்கொண்டு, செத்த மெமரிக்குள் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அந்த இடம் ஃபைல் சிஸ்டத்தின் கைக்குப் போனதும் பழி அதன்மேல் விழுந்தது. ஓடும் டைமர் முடியும்வரை காத்திருக்கும் டெல்_டைமர்_சிங்க் என்று மாற்றினேன், தீர்ந்தது. (புதிய கெர்னல்களில் இந்தப் பெயர்கள் மாறிவிட்டன.)

கேசான் பக்கமும் நியாயம் உண்டு. மெமரி ஒருமுறை கெட்டபின் வரும் அறிக்கைகள் முதல் பிழையின் எச்சமாகவே இருக்கலாம். மேலும், கெர்னல் விழுந்த அன்றே அதன் செய்தியில் 'டெய்ன்டட்' (கெர்னல் களங்கப்பட்டது) என்பதற்குப் பக்கத்தில் 'பி' (B) என்று ஓர் எழுத்து நின்றது. கேசான் ஏற்கெனவே எதையோ சொல்லிவிட்டது என்பதற்கு அதுதான் தடயம். நான்தான் கவனிக்கவில்லை. ஆனால் நள்ளிரவில் ஒற்றை எழுத்தை யார் கவனிப்பார்கள்?

ஆக, நண்பருக்கு என் பதில்: வேண்டாம். இதைவிட நல்ல கருவியை நான் கையாண்டதில்லை, ஆனாலும் வேண்டாம். பிடிவாதமாகப் போடுவதென்றால் மல்டி ஷாட் இல்லாமல் போட்டுவிட்டு என்னிடம் வராதீர்கள். அந்த இன்னொரு டிரைவரின் ஒரு பைட் பிழை இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. இன்று காலையிலும் பூட் ஆனதும் கேசான் முதல் வேலையாக அதைத்தான் சொன்னது.