பஞ்சிகாவத்தையில் செசி வெல்டிங்: சீரிஸ் லாண்ட் ரோவர் வைத்திருப்பவர்களுக்கு

பழைய சீரிஸ் லாண்ட் ரோவர் ஜீப்பின் பொடி, அதாவது வெளிக்கூடு, அலுமினியம். அதைப் பார்த்து வண்டி நல்ல நிலையில் இருக்கிறது என்று நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். கீழே உள்ள செசி, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், சுமார் 2 மி.மீ. இரும்புத் தகட்டைப் பெட்டிபோல் வெல்டிங்கால் ஒட்டிச் செய்தது. வெள்ளவத்தைக் கடற்காற்றும் மழைக்காலச் சேறும் உள்ளே போய்த் தங்கினால் கறள் உள்ளிருந்துதான் தின்னும். வெளியே கறுப்புப் பெயின்ற் அப்படியே நிற்கும்.

கொழும்பு பஞ்சிகாவத்தை ஒழுங்கை ஒன்றில் பெயர்ப்பலகை இல்லாத கராஜ் ஒன்று இருக்கிறது. அங்கே வண்டியைக் கொடுத்ததும் வெல்டிங் பிளான்ற்றைத் தொடமாட்டார்கள். முதலில் பெட்டிக்குள் இருக்கும் சேற்றைத் தண்ணீர் அடித்துக் கழுவுவார்கள். பிறகு பாஸ் (தலைமை மெக்கானிக்) சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். சத்தம் மந்தமாகக் கேட்கும் இடத்திலெல்லாம் சோக்குக்கட்டியால் வட்டம் விழும். பின் குறுக்குச் சட்டமும் ஸ்பிரிங் தாங்கிகளும், செசியிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பொடியைத் தாங்கும் அவுட்ரிகர்களும்தான் பெரும்பாலும் மாட்டும்.

அளவெடுப்பதில்தான் இவர்கள் மற்றவர்களைவிட மேல். முன் வலது ஸ்பிரிங் போல்டிலிருந்து பின் இடது போல்டுக்கு ஒன்று, எதிர்க்குறுக்காக ஒன்று. இரண்டுக்கும் வித்தியாசம் 3 மி.மீ.க்கு மேல் போனால் வெட்டமாட்டார்கள், முதலில் செயின் புளொக் போட்டு நிமிர்த்துவார்கள். அதன்பின் இரு பக்கச் சட்டத்துக்கும் குறுக்கே ஆங்கிள் அயன் தற்காலிகமாக ஒட்டப்படும். அவுட்ரிகரையும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வெட்டுவார்கள். இரண்டையும் சேர்த்து வெட்டினால் பல்க்ஹெட், அதாவது முன்கதவுகள் தொங்கும் முன்சுவர், இறங்கிவிடும், பிறகு கதவு ஒருநாளும் ஒழுங்காகச் சாத்தாது.

ஒட்டுத் தகடும் 2 மி.மீ.தான். 3 மி.மீ. போடச் சொல்லி அடம்பிடிக்காதீர்கள். தடித்த தகடு உருகும் சூட்டில் பழைய மெல்லிய தகடு எரிந்து ஓட்டையாகும், பின்னாளில் ஒட்டின் ஓரமாகவே வெடிக்கும். கறள் தெரியும் எல்லையோடு நிற்காமல் மினுங்கும் இரும்பு வரும்வரை வெட்டி, மூலைகளை வளைவாக்கி, பக்கச் சட்டத்தில் ஒட்டை நேர்குத்தாக விடாமல் சரிவாக வைக்கிறார்கள். கம்பி தானாக வந்து உருகும் மிக் வெல்டிங், 0.8 மி.மீ. கம்பி, ஓர் இஞ்சி இங்கே, அடுத்தது எதிர்ப்பக்கம். ஒரே இழுப்பில் ஓட்டினால் சூட்டில் செசி வளையும்.

குறைகளும் இருக்கின்றன. பின் குறுக்குச் சட்டத்தை மாற்றும்போது புதியதன் கைகளைப் பழைய சட்டத்துக்கு மேலால் உறைபோல் செருகி, கீழ் விளிம்பை ஒட்டாமல் விடுவது இவர்கள் பழக்கம். அந்த இடுக்கில் தண்ணீர் நிற்கும். முழுச் சுற்றும் ஒட்டச் சொல்லுங்கள், வடிகால் துளையையும் அடைக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். முழுவதும் ஒட்டுவதற்கு முன்பாகப் பின்பக்கப் பொடியை வைத்துப் போல்ட் துளைகள் நேராக வருகிறதா என்றும் பார்க்கவேண்டும், இங்கே செய்யும் சட்டங்களில் துளை தள்ளிப்போவது சகஜம்.

உட்பக்கப் பாதுகாப்பு என்று ஒன்றுமே இல்லை. ஒட்டிய இடத்தில் உள்பெயின்ற் எரிந்துபோயிருக்கும், இவர்களோ வெளியே கறுப்பு அடித்துத் தந்துவிடுவார்கள். அதுவும் ரப்பர் அண்டர்கோட் என்றால் வேண்டவே வேண்டாம், மோசமான ஒட்டை மறைக்கத்தான் அது உதவும். வெளியே சிங்க் பிரைமர் அடித்து, நீளக் குழாய் நொசிலால் வடிகால் துளை வழியே, உட்பக்கம் கறள் பிடிக்காமல் காக்கும் மெழுகான கெவிற்றி வக்ஸை நீங்களே அடியுங்கள்.

முன் பின் சில்லுகளுக்கு இடையே 88 இஞ்சி உள்ள வண்டியில் பெற்றோல் டாங்கி வலது சீற்றுக்குக் கீழே செசியை ஒட்டி இருக்கிறது. வெல்டிங் தொடங்குமுன் அதைக் கழற்றிவிடுங்கள், பற்றரி வயரையும் எடுத்துவிடுங்கள். செசி இலக்கம் பெரும்பாலும் வலது முன் ஸ்பிரிங் தாங்கியில் அடித்திருக்கும். அந்த இடத்தை வெட்டவேண்டி வந்தால் முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள். வண்டிப் பதிவுப் புத்தகத்து இலக்கமும் இரும்பில் உள்ளதும் ஒத்துவராவிட்டால் விற்கும்போது சிக்கல்.

விலையைச் சோக்கு வட்டங்கள் விழுந்த பிறகு பேசுங்கள். இரும்புக் காசு தனி.